மரப்பாச்சியும் படப்புத்தகமும்: வேங்கடத்தடியில் ஒரு விளையாட்டு வரலாறு

பேரனுக்கோ பேத்திக்கோ பிறந்தநாள் வருகிறது. என்ன வாங்கித் தரலாம்? கடைக்குப் போனால் பொத்தானை அழுத்தினால் பாடுவது, ஓடுவது, ஆங்கிலத்தில் எண் சொல்வது என்று வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளை இரண்டு நாள் ஆடும், மூன்றாம் நாள் பேட்டரி தீர்ந்துவிடும், அப்புறம் அது கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான் இது. ஆனால் தாய்நிலத்தை விட்டு வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியில் வேறொரு கனமும் இருக்கிறது. பொம்மை எந்த மொழியில் பேசுகிறது? அது பேசாவிட்டால், அதன் சார்பாகக் குழந்தை எந்த மொழியில் பேசும்? இதற்கு விடை தேட வேங்கட மலையின் அடிவாரத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. கைவேலை மரப்பொம்மைக்கும் படம் பார்த்துக் கதை சொல்லும் கலைக்கும் சித்தூரும் திருப்பதியும் நெடுங்காலமாகத் தாய்வீடு.

தொண்டை நாட்டுச் சிறுதேர்

தமிழ் வழங்கிய நிலத்துக்கு வேங்கடத்தை வடக்கு எல்லையாகவும் குமரியைத் தெற்கு எல்லையாகவும் தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது. அந்த வேங்கடத்தை ஒட்டிய தொண்டை நாட்டைப் பாடும் சங்க நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அதில் உழவர் வீட்டுக் காட்சி ஒன்று வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே பார்த்து ஆசைப்படும்படி அழகாகச் செய்த சிறுதேர். ஏறி ஓட்டும் தேர் அல்ல, உருட்டிக்கொண்டு நடக்கும் தேர். நடை தளர்ந்த சிறுவன் அதை உருட்டிக் களைத்து, செவிலியைத் தழுவிப் பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறான். கோயில் திருவிழாக் கடைகளில் நாம் வாங்கித் தருகிறோமே நடைவண்டி, அதற்குப் பாட்டன் முறை இந்தத் தேர்தான்!

இதே புலவர் பாடிய பட்டினப்பாலையிலும் ஒரு சிறுதேர் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் உலர வைத்த தானியத்தைத் தின்ன வரும் கோழியைத் தம் பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். தரையில் கிடக்கும் அந்தக் குழை, பிள்ளைகள் உருட்டி வரும் மூன்றுகால் தேரைத் தடுக்கிறதாம். அங்கே பட்டினத்துச் செல்வம் பேசப்படுகிறது. இங்கே தொண்டை நாட்டு உழவர் வீட்டில் பேசப்படுவது தச்சனின் கைத்திறன். பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் பிறந்தபோது ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்துக்குச் சிறுதேர் என்றே பெயர் வைத்தார்கள். குழந்தையின் விளையாட்டுச் சாமானை இலக்கணமாகவே ஆக்கிவிட்டது நம் மரபு.

'மரப்பாவை' என்ற சொல்லும் புதிதல்ல. திருக்குறளில் இரண்டு இடங்களில் வருகிறது. நாணுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டுவது கயிற்றால் ஆட்டப்படும் பாவை. அது கூத்துக்கு உரியது. பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சும் மரப்பாவையைத்தான் நாம் மரப்பாச்சி என்கிறோம்.

திருப்பதி மரப்பாச்சி

மலைக்குப் போனவர்கள் கொண்டு வரும் பொருள்கள் பழைய வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தவை. லட்டு, மொட்டைத் தலை, குழந்தை இருக்கும் வீடானால் ஒரு ஜோடி மரப்பாச்சி. 1944-இல் திருமலைக்கு முதல் மோட்டார் பாதை போடும் வரை அலிபிரியிலிருந்து படியேறித்தான் போக வேண்டும். நடந்து போனாலும் பஸ்ஸில் போனாலும் திரும்பும்போது அடிவாரக் கடைத்தெருவில் ஆணும் பெண்ணுமாய் ஒரு ஜோடி செம்மரப் பொம்மையை வாங்கி மூட்டையில் முடிந்துகொள்வது வழக்கமாக இருந்தது.

இந்தப் பொம்மையின் அமைப்பை உற்றுப் பாருங்கள். ஒரே மரத்துண்டு. கை உடம்போடு ஒட்டியிருக்கும், கால் பிரியாது. மூக்கு ஒரு மேடு, கண் ஒரு கீறல். சாயமும் இல்லை, ஆணியும் இல்லை, ஒட்டு வேலையும் இல்லை. வாயில் வைத்துக் கடித்தால் பிய்ந்து வர எதுவும் கிடையாது. பல் முளைக்கிற பிள்ளைக்கு இதைத் தைரியமாகக் கொடுத்தார்கள் என்றால் காரணம் இந்த அமைப்புத்தான். பிள்ளை வளர்ந்ததும் அதே பொம்மைக்குத் துணிக்கிழிசலில் புடவை கட்டுவார்கள், வேட்டி சுற்றுவார்கள். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகவும் கொடுப்பார்கள். அவள் புகுந்த வீட்டில் நவராத்திரிக் கொலுவில் முதல் ஜோடியாக அவை ஏறி நிற்கும். தெலுங்கு வீடுகளிலும் பொம்மலக் கொலுவு உண்டு. எல்லை தாண்டியும் ஒரே பொம்மை, ஒரே மரியாதை.

முகம் தெளிவாக இல்லாதது குறை அல்ல. சிரிக்கும் முகத்தோடு வரும் பொம்மை எப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். மரப்பாச்சி அப்படியில்லை. “பாப்பா அழுவுது, பசிக்குதாம்” என்று பிள்ளை சொன்னால் அது அழுகிறது. “தூங்கிடுச்சு, சத்தம் போடாதீங்க” என்றால் தூங்குகிறது. பொம்மைக்குப் பேச வராது என்பதால் பிள்ளைதான் அதற்காகப் பேச வேண்டும். எந்தப் பேச்சு வரும்? வீட்டில் தன்னைக் கொஞ்சின பேச்சு, பாட்டி சோறு ஊட்டின பேச்சு. பொத்தான் பொம்மைக்கு அந்தப் பேச்சு தெரியாது.

இது வெறும் பாசப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் அன்னா சோசா என்ற ஆய்வாளர், 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோரும் அடங்கிய 26 ஜோடிகளின் பேச்சைப் பதிவு செய்து 2015-இன் இறுதியில் ஆய்வு வெளியிட்டார். ஒலி எழுப்பும் மின்னணுப் பொம்மை நடுவில் இருந்தபோது பெற்றோரும் குறைவாகப் பேசினார்கள், குழந்தையும் குறைவாகவே குரல் கொடுத்தது. ஒலி எழுப்பாத சாதாரண விளையாட்டுச் சாமான்களோடு பேச்சு கூடியது. பெற்றோர் பேச்சு மிக அதிகமாக வந்தது படப்புத்தகத்தோடு இருந்தபோதுதான். சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம் பாட்டிமார்கள் அறிந்திருந்ததற்கு அது ஒரு சாட்சி.

செம்மரத்தின் விலை

மரப்பாச்சியின் வரலாற்றில் துக்கமான அத்தியாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. செம்மரம் உலகில் இயற்கையாக வளரும் இடம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மட்டுமே. சேஷாசலம் காடுகளும் கடப்பை, நெல்லூர்ப் பக்கத்து மலைகளும்தான் அதற்கு முக்கியமான இருப்பிடம். மெதுவாக வளரும். வைரம் பாய்ந்த கட்டை பொதுவாகத் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு இசைக்கருவிக்கும் சீனாவில் உயர்ந்த வகை மரச்சாமான்களுக்கும் இதற்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டது. 1995-இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்க்கப்பட்டது. ஆனாலும் கடத்தல் ஓயவில்லை.

மரத்தை வெட்டும் கூலிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மலையோர ஊர்களின் ஏழைகள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழர்களுக்கு அந்த நாட்கள் மறக்காது. குழந்தைக்கு விளையாட்டாக இருந்த மரம், விலை ஏறியபோது உயிர் குடிக்கும் மரமாகவும் ஆயிற்று.

பொம்மைத் தொழிலிலும் இதன் பாதிப்பு தெரிந்தது. இன்று கடைத்தெருவில் 'செம்மரம்' என்று சொல்லி விற்கும் பல பொம்மைகள் வேறு மரத்தில் செய்து சிவப்புச் சாயம் ஏற்றியவை. கையில் எடுத்தாலே தெரியும், கனம் இருக்காது. வாங்குகிறவர்கள் அரசின் லேபாக்ஷி விற்பனை நிலையம் போன்ற இடங்களில் ரசீதோடு வாங்குவது நல்லது. கடல் கடந்து இருக்கும் உறவினருக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் செம்மரத்துக்கான ஏற்றுமதி விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அனுப்ப வேண்டும். செம்மரம்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மரப்பாச்சியின் பெருமை மரத்தின் விலையில் இல்லை, ஒரே துண்டில் சாயமின்றிச் செதுக்கும் முறையில் இருக்கிறது. திருப்பதி மாவட்டம் ஏர்பேடு பக்கத்தில் உள்ள மாதவமாலா கிராமத்தில் மரச் சிற்பத் தொழில் இன்றும் நடக்கிறது. பெரும்பாலும் சுவாமி உருவங்கள்தான். ஆனால் அந்த உளிக்குப் பிள்ளைகளின் பொம்மையும் தெரியும்.

படம் பார்த்துக் கதை சொன்ன ஊர்

பொம்மைக்குத் திருப்பதி என்றால் படத்துக்குத் திருக்காளத்தி. நம் கண்ணப்ப நாயனார் ஊர். அங்கே கலம்காரி என்ற துணி ஓவியம் கையால் எழுதப்படுகிறது. கடுக்காய் நீரும் பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், இரும்பையும் வெல்லத்தையும் ஊற வைத்து எடுத்த கறுப்பு மையால் மூங்கில் கலம் கொண்டு கோடிழுப்பார்கள். இராமாயணமும் பாரதமும் கட்டம் கட்டமாகப் படமாக விரியும், அருகே எழுத்தில் ஒரு வரி விளக்கம். நடுவில் பெரிய படம், சுற்றிலும் சிறிய படங்கள். இன்றைய படக்கதைப் புத்தகத்தைத் துணியில் விரித்தது போல! எழுத்துத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்துக் கதையைத் தொடர்ந்தார்கள்.

நலிந்து போயிருந்த இந்தக் கலைக்கு விடுதலைக்குப் பின் கமலாதேவி சட்டோபாத்யாய முயற்சியால் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. அந்த ஊர்க் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2006-இல் சென்னையின் தாரா பதிப்பகம், கலம்காரி ஓவியர் டி. பாலாஜியின் படங்களோடு ‘மாங்கோஸ் அண்ட் பனானாஸ்’ என்ற ஆங்கிலக் குழந்தை நூலை வெளியிட்டது. கோயில் திரையில் இருந்த கோடு குழந்தையின் கைக்குள் வந்து சேர்ந்தது.

இதே பழைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம் இன்னொரு புதுமை செய்தது. பாடங்களைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, எழுத்துக் கூடப் படிக்காத பிள்ளையும் அடையாளம் கண்டு எடுக்கும்படி விலங்கு, பறவைப் படங்களை அவற்றில் வைத்தார்கள். இதைப் பார்த்து வந்துதான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. பின்னர் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. சித்தூர் மண் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கொடை இது.

இரண்டு மொழி, ஒரே படம்

குழந்தைகளுக்கான படப் பாடநூல்களுக்கு முன்னோடி என்று உலகம் கொண்டாடும் நூல் கொமேனியஸ் எழுதிய ‘ஓர்பிஸ் பிக்டஸ்’. 1658-இல் நியூரம்பர்க் நகரில் அச்சானது. ஒரு படம், அதன் கீழே லத்தீன், பக்கத்திலேயே ஜெர்மன். படப் பாடநூல் புகழ் பெற்றதே இருமொழி நூலாகத்தான் என்பதை எல்லைப்புறத்தில் வாழும் நாம் கவனிக்க வேண்டும்.

1911-இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போன்றோரின் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது, மற்ற பகுதிகள் அங்கேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, வீட்டுப் பேச்சு மாறவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அம்மாவும் அப்பாவும் தமிழ் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் தெலுங்குதான் வரும். பிள்ளைக்கு அதுவும் போய் ஆங்கிலம் மட்டும். பெங்களூரு, மும்பை, டில்லித் தமிழ் வீடுகளிலும் இதே நிலைமைதான், எழுத்து மட்டும்தான் வேறு.

இந்த இடத்தில்தான் படப்புத்தகம் கைகொடுக்கும். 1947-இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. வேதாளத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தன் படம் இரண்டுக்கும் ஒன்றே. சோவியத் நாட்டுச் சிறுவர் நூல்களும் அப்படித்தான். தமிழில் நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாகவும் தெலுங்கில் விசாலாந்திரா வழியாகவும் மலிவு விலையில் வந்தன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும், அல்லது ஆங்கிலமும் தெலுங்கும் என்று இருமொழிப் படநூல்களைக் கொண்டு வந்தது. 1957-இல் ஏற்பட்ட நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை பல இந்திய மொழிகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் இலவசமாகவே பார்க்கலாம்.

தமிழ் எழுத்துத் தெரியாத தாயும் படத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்லலாமே! எழுத்து பின்னால் வரட்டும். முதலில் காதுக்குத் தமிழ் போய்ச் சேர வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குக் கடைசல் கிலுகிலுப்பை, ஒரே துண்டில் செய்த சாயமில்லாத பொம்மை. நடை பழகும்போது நடைவண்டி. இரண்டு வயதுக்கு மேல் மரப்பாச்சியும் சொப்புச் சாமானும். பல்லாங்குழிக்கு ஐந்து வயதாவது ஆகட்டும், அதன் சோழியும் புளியங்கொட்டையும் சின்னப் பிள்ளை வாய்க்கு ஆபத்து. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கொடுக்கும் எந்தப் பொருளிலும் 32 மில்லிமீட்டர் குழாய்க்குள் நுழையும் அளவுக்குச் சின்னத் துண்டு கழன்று வரக் கூடாது என்பது பொதுவான அளவுகோல்.

ஊருக்கு ஊர் மரமும் முறையும் வேறு. சென்னபட்டணம், ஏட்டிகொப்பாக்கா பொம்மைகள் வெட்பாலை இன மென்மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றியவை. ஏட்டிகொப்பாக்காவில் மஞ்சள், அவுரி போன்ற இயற்கைச் சாயங்களை மீட்டெடுத்த சி.வி. ராஜுவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புகளும் கடைசல் வேலைதான். கொண்டபள்ளி பொம்மை அப்படியல்ல. மெல்லிய மரத்துண்டுகளை ஒட்டி வர்ணம் தீட்டியது. கொலுவுக்கு அழகு, கைக்குழந்தை வாய்க்கு ஏற்றதல்ல.

சாயம் ஏற்றிய பொம்மையானால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் இறங்கினால் கைக்குழந்தைக்கு வேண்டாம். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், சிலாம்பு தட்டக் கூடாது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. எனவே கைவேலைப் பொம்மையில் முத்திரை இல்லாததால் மட்டும் அது மட்டமானது என்று ஆகாது. அதே சமயம் சோதிக்கும் பொறுப்பு நம் கைக்கு வருகிறது. மரத்தைத் தண்ணீரில் ஊற விட வேண்டாம், துடைத்துவிட்டு எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

புத்தகத்துக்கும் சோதனை உண்டு. கைக்குழந்தைக்குக் கெட்டி அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு படம். மூன்று வயதுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம். வாங்குமுன் கடையிலேயே உரக்க வாசித்துப் பாருங்கள். நாம் பேசுகிற தமிழ் போலக் காதில் விழுகிறதா, இல்லை ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து வைத்தது போல இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். படத்தில் இருக்கும் வீடும் சாப்பாடும் பிள்ளை தினமும் பார்ப்பதாக இருந்தால் கேள்வி தானாகப் பிறக்கும்: “இது இன்னாம்மா?”

நம் சங்கங்கள் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் பிள்ளைகளுக்குப் பரிசு தருகின்றன. எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் ஒரு படப்புத்தகமும் ஒரு மரப்பொம்மையும் கொடுத்தால் என்ன? செலவில் பெரிய வித்தியாசம் வராது. திருப்பதிக்குப் போகும் குடும்பங்களிடம் சொல்லி வாங்கி வரச் செய்யலாம், கைவினைஞர் வீட்டிலும் அடுப்பெரியும். ஒன்று மட்டும் நிபந்தனை. பொம்மையைக் கொடுத்துவிட்டு நாம் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. மரப்பாச்சிக்கு யாராவது பெயர் வைக்க வேண்டும், படத்தைக் காட்டி யாராவது “அப்புறம்?” என்று கேட்க வேண்டும். தினமும் கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து அதைத் தமிழில் செய்யுங்கள். வேங்கடத்துக்கு வடக்கே எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் பாடமாக அல்ல, விளையாட்டாகவே வந்துவிடும்.